மூன்றாவது வட்டு

ரியெகாவில் பூரா காற்று வீசும் நாளில்
யாரும் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போவதில்லை.
கிளாவ்தியோ போனார்.
நானும் போனேன்,
அவர் கடலுக்குப் பறந்துவிடாமல்
கோட்டின் பெல்ட்டைப் பிடித்தபடி.

கடைக்காரன் ஸ்ரெச்கோ மேசையில்
மூன்று டிஸ்குகளை வைத்தான்,
மத்தி மீனை அடுக்குவதுபோல வாலும் தலையுமாக.
இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
சீரியல் எண்களைப் படித்தார்:
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று.
"ஒரே நாளில் பிறந்தவை
ஒரே வாரத்தில் சாகும். ஒன்று போதும்."

இரண்டாவது, மேட்டுத் தெருக் கடையில்.
மூன்றாவதற்கு எல்லை தாண்டி
திரியெஸ்தே வரை பஸ்ஸில்,
மடியில் வைத்து, முட்டை கொண்டுவருவதுபோல.
என்னைக் கட்டிக்கொள்ளும் முன்
என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை.

கன்ட்ரோலர் அட்டைக்குத்தான் நாலு நாள் சண்டை.
மதர்போர்டிலேயே இருக்கிறதே, சும்மா வந்தது, என்றேன்.
"சும்மா வந்தது கரண்ட் போனால் பொய் சொல்லும்.
எழுதிவிட்டேன் என்னும், எழுதியிருக்காது."
பாட்டரி வைத்த அட்டை, குளிர்சாதனப் பெட்டி விலை.
எங்கள் குளிர்சாதனப் பெட்டி அப்போது
சமையலறைத் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

சரி, அந்த அட்டையே செத்தால்?
வட்டுகள் மூன்றும் உயிரோடு இருக்கும்,
எதை எங்கே வைத்தோம் என்று சொல்ல
யாரும் இருக்க மாட்டார்கள், அப்படித்தானே?
பதில் இல்லை.
மறுவாரம் ஜாக்ரெபிலிருந்து தபாலில்
அதே அட்டை இன்னொன்று, பழையது.
கரண்டி போடும் இழுப்பறையில் கிடக்கிறது.
வீட்டில் வேலைக்கே வரக் கூடாதென்று
நாங்கள் வேண்டிக்கொள்ளும் ஒரே பொருள்.

இவ்வளவு காவலும் எதற்கு?
இரண்டாயிரத்து மூன்றின் ரசீதுகள்,
தோற்றுப்போன கால்பந்து ஆட்டங்கள்,
பூனை, பூனை, மங்கலாக ஒரு பூனை,
இனெஸ் பள்ளி மேடையில் வசனத்தை மறந்து நின்றது.
பாதியை அழித்தால் ஒரே டிஸ்க் போதுமே.
"எந்தப் பாதி?" என்றார்.

மார்ச்சில் ஒரு இரவு மூன்று மணிக்கு
பெட்டி வீறிட்டது.
அடுத்த வீட்டு ஸ்தெஃபானியா
துடைப்பக்கட்டையால் சுவரை இடித்தாள்.
திரையில் ஒரே வரி:
குறைந்த நிலையில் இயங்குகிறது.
போனது திரியெஸ்தே வட்டு,
மடியில் வந்தது.

புதியதைச் செருகினார். முப்பத்தொரு மணி நேரம் ஆகுமாம்.
துணி துவைக்கும் இயந்திரம் கூடாது, அவன் கூடாது,
ஃபியூஸ் போனால் எல்லாம் போச்சு.
காலுறையோடு நடந்தோம்.

இல்லாததை எப்படி எழுதும்? என்று கேட்டேன்.
"மூன்று பேர் சாப்பிட்டார்கள். மொத்த பில் இருக்கிறது.
இரண்டு பேர் தின்றது தெரியும்.
மூன்றாவது ஆளை விசாரிக்க வேண்டுமா?"

இரவு ஆறின சூப்.
இனெஸ் டப்ளினுக்குப் போய் இரண்டு வருடம்.
இருந்திருந்தால் உப்பில்லை என்பாள், என்றேன்.
"முதலில் மிளகு கேட்பாள்.
தும்முவாள். அப்புறம்தான் உப்பு."
ஆமாம், தும்முவாள்.
எனக்கு அது நினைவில்லாமல் போயிருந்தது.

அறுபத்திரண்டு சதவீதம்.
இப்போது இன்னொன்றும் போனால்?
எழுந்துபோய்
கெட்டிலின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி
என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை பத்தரைக்கு நூறு.
முதலில் எதைத் திறந்தார் தெரியுமா,
துணி துவைக்கும் இயந்திரத்தின் ரசீது.
வாரண்டி முடிந்து ஆறு வருடம்.
"இருக்கிறது," என்றார்.

நான் கெட்டிலைச் செருகினேன்.